மார்க்ஸ் போதாதா, வெபர் எதற்கு?

வைகைக்கரை:
எம்.ஏ. சமூகவியல் முதல் வருடம். சமூகத்தில் மேல் கீழ் எப்படி உண்டாகிறது என்பதை வர்க்கம் (பொருளாதார நிலை), அந்தஸ்து (சமூக மரியாதை), கட்சி (அரசியல் அதிகாரம்) என்று ஜெர்மன் சமூகவியலாளர் வெபர் மூன்றாகப் பிரிப்பது மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. எங்கள் ஊரில் நிலம் வைத்திருப்பவருக்குத்தான் கோயிலில் முதல் மரியாதை, ஊராட்சித் தலைவரும் அவர் வீட்டு ஆள்தான். எல்லாம் ஒரே கையில் இருக்கும்போது எதற்கு மூன்று பெயர்? உற்பத்திச் சாதனம் (நிலம், ஆலை போன்றவை) யாரிடம் என்று மார்க்ஸ் கேட்டதோடு நிறுத்தினால் ஆகாதா?

காவிரிவாசி:
எப்போதும் ஒரே கையில் இருக்காது, அதனால்தான். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்து 1965இல் புத்தகம் போட்டார் (ஸ்ரீபுரம் என்பது அவர் வைத்த பெயர்). முன்பு நிலம், சாதி மேன்மை, அதிகாரம் எல்லாமே அக்ரகாரத்தில். அப்புறம் பிராமணர்கள் பலர் நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்குக் கிளம்ப, பஞ்சாயத்து பிராமணர் அல்லாதார் கைக்குப் போனது, சடங்கு அந்தஸ்து மட்டும் அசையவில்லை. பரீட்சையில் இதை எழுதுங்கள், ஐரோப்பிய உதாரணத்தை எல்லாரும்தான் எழுதுவார்கள்.

செங்காடு:
சரி, மேலே கை மாறியது. சேரியில் இருந்தவருக்கு என்ன மாறியது? அதே தஞ்சாவூர் ஜில்லாவில்தான் 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. விவசாயக் கூலிகள் கூலி உயர்வு கேட்டு செங்கொடிச் சங்கத்தில் நின்றார்கள், நிலக்காரர் தரப்பு அவர்களில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தியது. வழக்கில் முதல் குற்றம்சாட்டப்பட்டவரான மிராசுதார் பிராமணர் அல்ல. அந்தஸ்து, அந்தஸ்து என்று பேசிக்கொண்டே போனால் கூலிக் கணக்கு காணாமல் போய்விடும்.

காவிரிவாசி:
அந்த வழக்கையே பாருங்கள் தோழர். கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இவர்கள் பணக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற ரீதியில் தீர்ப்பில் ஒரு இடம் வரும். நிலம் இருப்பது வர்க்கம். நிலம் உள்ளவர் இப்படிச் செய்யமாட்டார் என்று கோர்ட்டே நினைப்பது அந்தஸ்து, வெபர் இல்லாமல் அதை எப்படி விளக்குவீர்கள்? எரிந்தவர்கள் அத்தனை பேரும் தலித்துகள் என்பதற்கும் கூலிக் கணக்கில் மட்டும் விடை கிடைக்காது. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936லேயே எழுதிவிட்டார்.

செங்காடு:
அம்பேத்கர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கார் எந்த நெல் விற்ற காசில் வந்தது?