பெரோவ்ஸ்கைட் படலத்தின் மேற்பூச்சு ஈரத்தைத் தாங்குகிறது, வெப்பத்தைத் தாங்கவில்லை: என்ன செய்யலாம்?

மாறன்_ஆய்வகம்:
பார்மமிடினியம் காரீய அயோடைடு என்ற பெரோவ்ஸ்கைட் (ஒளியை உறிஞ்சி மின்சாரமாக்கும் படிகப் பொருள்) படலத்தின் மேல், ஐசோபுரொப்பனாலில் கரைத்த பினெத்தில் அம்மோனியம் அயோடைடை ஸ்பின் கோட்டிங் முறையில் (கரைசலை வேகமாகச் சுழற்றிப் பரப்பி) பூசிச் சூரிய மின்கலங்கள் செய்து வருகிறேன். பூசிய கலங்களில் திறந்த சுற்று மின்னழுத்தம் (மின்னோட்டம் எடுக்காதபோது கலம் தரும் மின்னழுத்தம்) கூடுகிறது. ஈரமான அறைக்காற்றிலும் படலம் மஞ்சளாகாமல் கறுப்பாகவே நிற்கிறது. ஆனால் 85 டிகிரி செல்சியஸில் ஹாட் பிளேட்டில் வைத்தால், பூசாத கலங்களைவிட விரைவாக மின்னோட்டம் சரிகிறது. கரைசலின் செறிவைக் கூட்டிப் பார்க்கலாமா?

இளவேனில்:
கூட்ட வேண்டாம், நிலைமை மோசமாகும். இந்த உப்பு முதலில் மேற்பரப்பிலுள்ள அயோடைடு வெற்றிடங்களை (அயோடைடு இல்லாமல் போன இடங்களை) அடைப்பதால்தான் உங்களுக்கு மின்னழுத்தம் கூடுகிறது. சூடேறும்போது அது அங்கேயே நிற்பதில்லை. கீழேயுள்ள பெரோவ்ஸ்கைட்டுடன் வினைபுரிந்து, மேற்பரப்புக்கு இணையாகப் படியும் இருபரிமாண அடுக்காக மாறுகிறது, அந்த அடுக்கின் கரிமப் பகுதி மின்கடத்தாததால் மின்னூட்டம் வெளியேறும் வழி அடைபடுகிறது. நீண்ட நேரம் சூட்டில் இருந்தால் உப்பின் நேரயனியான பினெத்தில் அம்மோனியம் படலத்துக்குள்ளும் ஊடுருவும். போதாக்குறைக்கு ஐசோபுரொப்பனாலே பார்மமிடினியம் அயோடைடைச் சிறிது கரைத்துவிடும். இரு முனையிலும் அம்மோனியம் கொண்ட மூலக்கூறுகளைக் குறைந்த செறிவில் முயன்று பாருங்கள்.

தென்றல்_85:
பழியைப் பூச்சின் மேல் போடுமுன் ஒரு கேள்வி: கலத்தில் துளை (நேர் மின்னூட்டம்) கடத்தும் அடுக்கு எது?

மாறன்_ஆய்வகம்:
லித்தியம் உப்பு கலந்த ஸ்பைரோ-ஓமெடாட் என்ற கரிமப் பொருள், அதன் மேல் வெள்ளி மின்முனை.

தென்றல்_85:
அப்படியானால் 85 டிகிரியில் முதலில் கெடுவது ஸ்பைரோவாகவே இருக்கலாம். அதில் சேர்க்கும் டெர்ட்-பியூட்டைல் பிரிடின் சூட்டில் ஆவியாகி ஸ்பைரோ அடுக்கில் நுண்ணிய ஓட்டைகள் விழும், அதன் வழியே அயோடைடு வெள்ளியை அடைந்து வெள்ளி அயோடைடாகும். ஸ்பைரோவும் வெள்ளியும் இல்லாத படலத்தை மட்டும் சூடேற்றி எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு (படிக அமைப்பைக் காட்டும் அளவீடு) எடுங்கள். செம்பு எக்ஸ்-கதிர் மூலத்தில் சுமார் 5.4 டிகிரி கோணத்தில் தெரியும் இருபரிமாண அடுக்கின் உச்சி சூட்டில் வளர்ந்தாலோ தேய்ந்தாலோ இடம் மாறினாலோ இளவேனில் சொன்னதே காரணம், 12.7 டிகிரி கோணத்தில் காரீய அயோடைடின் உச்சி வளர்ந்தால் படலமே சிதைகிறது. இரண்டும் இல்லையென்றால் குற்றவாளி மேலடுக்குதான்.

தலைகீழ்க் கட்டமைப்புக்கு (துளை கடத்தும் அடுக்கு அடியிலும் எலெக்ட்ரான் கடத்தும் அடுக்கு மேலும்) மாற முடிந்தால், எலெக்ட்ரான் கடத்தும் கார்பன் மூலக்கூறான சி60 மேல் அணு அடுக்குப் படிவு முறையில் (வாயுக்களை மாறிமாறிச் செலுத்தி மெல்லிய அடுக்குகளாக வளர்த்து) டின் ஆக்சைடு இடுவது அயோடைடையும் ஈரத்தையும் ஒருசேரத் தடுக்கும்; சிலிக்கனோடு இணைந்த இரட்டைக் கலங்களில் இது வழக்கமாகிவிட்டது. அதை நேரடியாகப் பெரோவ்ஸ்கைட் மேல் இடாதீர்கள், அதற்குச் செலுத்தும் முன்னோடி (மூலப்பொருள்) வாயு மேற்பரப்பைக் கெடுக்கும். 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம் என்ற ஐஇசி 61215 (சூரியத் தகடுகளுக்கான சர்வதேசத் தரம்) சோதனைக்கு எந்த மேற்பூச்சும் தனியாகப் போதாது; இரு கண்ணாடிகளுக்கிடையே பியூட்டைல் ரப்பரால் ஓரம் அடைத்த கலத்தையே அதற்கு அனுப்புங்கள்.