இரண்டு இணைப்புகள் இருந்தும் நேரலை ஏன் தடுமாறுகிறது?

கேள்வி (காத்ர் போர்ன், மொரீசியஸ்)

வணக்கம். தைப்பூசக் காவடியை எங்கள் ஊர்க் கோவிலிலிருந்து நேரலையாக ஒளிபரப்புகிறோம். ரெயூனியனிலும் டர்பனிலும் இருக்கும் உறவினர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். ஃபைபர் துண்டிக்கப்பட்டாலும் ஒளிபரப்பு நிற்கக் கூடாது என்று, அதனுடன் சிம் பொருத்திய ரூட்டர் ஒன்றையும் மல்டிபாத் டிசிபி (பல வழிகளை ஒரே இணைப்பாகப் பயன்படுத்தும் நெறிமுறை) வழியாகச் சேர்த்தோம். வேகச் சோதனையில் இரண்டின் வேகமும் கூடித் தெரிகிறது. ஆனால் காவடிகள் படியேறும் நேரத்தில், கூட்டம் பெருகியதும், படம் உறைந்து நின்று பிறகு தாவுகிறது. ஃபைபரை மட்டும் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. காரணம் என்ன?

பதில் 1 (போர்ட் லூயி)

வணக்கம். 2020இல் லினக்ஸ் 5.6 கெர்னலில் இடம்பெற்ற மல்டிபாத் டிசிபி நல்ல நெறிமுறைதான். ஆனால் அதுவும் இணையத்தின் வழக்கமான டிசிபியைப் போலவே எல்லாப் பொதிகளையும் (தரவின் சிறு துண்டுகளையும்) வரிசை குலையாமல் ஒப்படைத்தாக வேண்டும். சுற்று நேரம் (பொதி போய், பதில் திரும்பி வர ஆகும் நேரம்) குறைந்த வழியை முதலில் நிரப்பிவிட்டு, மிஞ்சியதை அடுத்த வழிக்குத் தள்ளுவது அதில் வழக்கமான ஏற்பாடு. கூட்டத்தில் எல்லோரும் கைப்பேசியைப் பயன்படுத்தும்போது கைப்பேசிக் கோபுரத்தின் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) உங்கள் பொதிகளும் வரிசையில் நிற்கின்றன. அங்கே ஒரு பொதி சிக்கினால், ஃபைபர் வழியாக முன்னரே வந்து சேர்ந்த நூறு பொதிகளும் அந்த ஒன்றுக்காகக் காத்திருக்கும்.

கோப்பை இறக்குகிறவருக்கு இது பொருட்டல்ல. நேரலையிலோ, காட்ட வேண்டிய கணம் கடந்து வரும் பொதியால் பயனே இல்லை. ஆகவே இரு வழிகளின் வேகத்தைக் கூட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பொதியும் தன் கெடுவுக்குள் எந்த வழியில் போய்ச் சேரும் என்று பாருங்கள். கெடு தவறியதைக் கைவிடும் நெறிமுறையே உங்களுக்குத் தேவை.

பதில் 2 (டர்பன்)

முந்தைய பதிலோடு முழுதும் உடன்படுகிறேன். 2017இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட எஸ்ஆர்டி என்ற நேரலை நெறிமுறையைப் பயன்படுத்துங்கள். அது, வரிசைக்காகக் காத்திருக்காத யுடிபி நெறிமுறையின் மேல் ஓடுகிறது. நீங்கள் குறிக்கும் தாமத அளவுக்குள் தொலைந்த பொதியை மீண்டும் கேட்டு வாங்கும், அதற்குள் வராததை விட்டுவிட்டு மேலே செல்லும். அந்த அளவு இயல்பாக 120 மில்லிநொடிதான். சுற்று நேரத்தைப்போல் நான்கு மடங்கு வைப்பது நடைமுறை. இரு வழிகளுள் மெதுவானதையே கணக்கில் எடுங்கள்.

மொரீசியஸையும் டர்பனுக்கு அருகிலுள்ள அமன்சிம்டோட்டியையும் இணைக்கும் மெடிஸ் கேபிள் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், போய்த் திரும்பவே 32 மில்லிநொடி ஆகும். உங்கள் சர்வர் ஐரோப்பாவில் இருந்து, சுற்று நேரம் 200 மில்லிநொடியாக இருந்தால், 800 வைக்க வேண்டியிருக்கும். காவடி பார்ப்பவர்களுக்கு ஒரு நொடித் தாமதம் தெரியாது. படம் நிற்பதுதான் தெரியும்.

பதில் 3 (ரோஸ் ஹில்)

வழிகள் உண்மையிலேயே தனித்தனியானவைதானா என்பதையும் பாருங்கள். இரு நிறுவனங்களின் சிம்களை வாங்கினாலும், இரண்டின் அலைக்கருவிகளும் ஒரே கோபுரத்தில் இருந்தால் கூட்ட நேரத்தில் இரண்டும் சேர்ந்தே தளரக்கூடும். தீவுக்கு வெளியிலும் அப்படித்தான்: 2002இல் வந்த சேஃப், 2021இல் வந்த மெடிஸ் எனக் கேபிள்கள் பல இருந்தாலும், உங்கள் இரு இணைப்புகளும் ஒன்றையே நம்பியிருக்கலாம். பொதிகள் போகும் பாதையைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளை எல்லாவற்றையும் காட்டாது என்றாலும், அதை இரு வழிகளிலும் தனித்தனியே ஓட்டிப் பாருங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. ஒவ்வொரு பொதியையும் இரு வழிகளிலும் அனுப்பினால் சிம்மின் டேட்டா தாங்குமா?

பதில் 2 (டர்பன்)

நொடிக்கு 4 மெகாபிட் ஒளிபரப்பு என்றால் சிம் வழியில் மணிக்கு 1.8 ஜிகாபைட் செலவாகும். எஸ்ஆர்டியின் இணைப்புக் குழுவில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் எல்லாப் பொதிகளும் இரு வழிகளிலும் செல்லும். பெறும் கருவி முந்தி வந்ததை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். மற்றதில், முதன்மை வழி தளரும் வரை சிம் ஏறக்குறைய சும்மா இருக்கும். காவடிகள் படியேறும் நேரத்துக்கு முதல் முறையையும், முன்னும் பின்னும் உள்ள பூசைகளுக்கு இரண்டாவதையும் வையுங்கள்.