அப்பாவுக்கு யூரின் ப்ளாடர்ல அடினோகார்சினோமா (ஒரு வகை கேன்சர்), பயாப்ஸி ப்ளாக் (மெழுகுல பதிச்சு வச்ச சதைத் துண்டு) ரிவ்யூ பத்தி கேக்கணும்

மதுரைல இருக்கோம், அப்பாவுக்கு 54 வயசு, சிகரெட் பழக்கமே கிடையாது. தீபாவளி சமயத்துல யூரின்ல ரத்தம், வலி இல்ல, அப்பப்ப சளி மாதிரி வழுவழுன்னு ஏதோ வந்துச்சு. இன்ஃபெக்‌ஷன்னு ஆன்டிபயாட்டிக் மாத்தி மாத்தி குடுத்தாங்க, கல்ச்சர்ல ஒண்ணும் வளரலங்கிறத யாரும் பெருசா எடுத்துக்கல. பொங்கலுக்கு அப்புறம்தான் ஸ்கேன். சிடில ப்ளாடரோட மேல் பக்கம் நடுவுல 3.5 செமீ கட்டி, உள்ள சுண்ணாம்பு படிஞ்சிருக்கு, தொப்புள் பக்கமா மேல நீளுது.

டியுஆர்பிடி (யூரின் போற வழியா கருவி விட்டு கட்டிய சுரண்டி எடுக்கிறது) பண்ணி எடுத்த பயாப்ஸில மியூசினஸ் (சளி சுரக்கிற வகை) அடினோகார்சினோமா. ஐஹெச்சில (கேன்சர் எங்கேர்ந்து வந்ததுன்னு பாக்க புரதங்களுக்கு சாயம் ஏத்திப் பாக்கிற டெஸ்ட்) சிகே20, சிடிஎக்ஸ்2 பாசிடிவ், சிகே7, கேட்டா3 நெகடிவ். குடல்லேர்ந்து பரவினாலும் இப்படித்தான் காட்டுமாம், அதனால கொலோனோஸ்கோபி, எண்டோஸ்கோபி ரெண்டும் பாத்தாச்சு, நார்மல். நெஞ்சு சிடியும் க்ளியர்.

இப்ப ஒரு டாக்டர் ப்ளாடர் முழுசா எடுத்துடலாம்ங்கிறார். இன்னொருத்தர் இது யூரேக்கஸ்ல வந்தது (கருவுல தொப்புளையும் ப்ளாடரையும் இணைக்கிற குழாயாம், பொதுவா பொறக்கறதுக்கு முன்னாடியே மூடிடுமாம்), கட்டியோட ப்ளாடர்ல ஒரு பகுதி, அந்தக் குழாய், தொப்புள் இதெல்லாம் சேத்து எடுத்தா போதும், மீதி ப்ளாடர் தப்பிக்கும்ங்கிறார். முழுசா எடுத்துட்டா வாழ்நாள் பூரா யூரினுக்கு வயித்துல பை வைக்க வேண்டி வரலாம், அதான் யோசிக்கிறோம். யூரேக்கஸ்ல வந்ததுதானான்னு பயாப்ஸி ரிப்போர்ட் எழுதின லேப்ல கேட்டா, ஸ்கேனோட சேத்து டாக்டரே முடிவு பண்ணட்டும்னுட்டாங்க.

ப்ளாக், ஸ்லைடு எல்லாம் கைல இருக்கு. யூரேக்கல் கேன்சர் பாத்து பழக்கப்பட்ட பேத்தாலஜிஸ்ட்கிட்ட ரிவ்யூ பண்ண வேலூர் சிஎம்சியா, மும்பை டாடாவா, எங்க குடுக்கலாம்?