சீனியர் ஸ்டேட்டஸ்: ‘விருப்பப்பணி’ சரியாக இருக்குமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க நடுவண் நீதிபதிகள் பற்றி எழுதும்போது ‘சீனியர் ஸ்டேட்டஸ்’ என்று வரும். குறிப்பிட்ட வயதும் பணிக்காலமும் ஆன நீதிபதி, பதவியை விடாமலே, விரும்பிய அளவு மட்டும் பணி ஏற்கும் நிலை அது. அதற்குத் தமிழில் இந்த இழையில் மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: மூத்த நீதிபதி, ஓய்வுநிலை நீதிபதி, பகுதிநேர நீதிபதி. மூன்றையும் கான்சஸ் மாவட்ட நடுவண் நீதிமன்றத்தின் நீதிபதி வெஸ்லி பிரவுன் வாழ்க்கையில் பொருத்திப் பார்த்தேன்.

1907இல் பிறந்தவர். ஹட்சின்சனில் வக்கீல் தொழில், போர்க்காலத்தில் கடற்படை, அப்புறம் திவால் வழக்குகளைக் கவனிக்கும் பதவி. 1962இல் அதிபர் கென்னடி அவரை விசாரணை நீதிபதியாக்கினார். 1979இல் சீனியர் ஸ்டேட்டஸுக்கு மாறினார். அதற்கு முன் 17 ஆண்டுகள்தான் பணி. அதற்குப் பின், 2012இல் 104 வயதில் இறக்கும்வரை, 32 ஆண்டுகளுக்கும் மேல்! மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு விச்சிட்டா நீதிமன்றத்தில் வழக்கு கேட்டவரை ‘ஓய்வுநிலை’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

‘மூத்த நீதிபதி’ என்றால் நம் பத்திரிகை வாசகர் பணிமூப்பு என்றே எடுத்துக்கொள்வார். அடுத்த தலைமை நீதிபதி இவர்தானோ என்றும் நினைப்பார். அங்கே நேர்மாறு. இந்த நிலைக்குப் போனவர் தலைமை நீதிபதியாகவே இருக்க முடியாது. ‘பகுதிநேரம்’ என்பதும் ஒட்டாது. பணிச்சுமையைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது சலுகை, கட்டாயம் இல்லை.

நம் உயர் நீதிமன்றத்தில் 62, உச்ச நீதிமன்றத்தில் 65 வயதானால் ஓய்வு. அதனால் இப்படி ஒரு நிலைக்கு நமக்குச் சொல் தேவைப்படவில்லை. அங்கே நியமனம் வாழ்நாளுக்கு. 65 வயதும் 15 ஆண்டுப் பணியும் இருந்தால் மாறலாம். வயது ஏற ஏறப் பணிக்காலம் குறைந்து, 70 வயதில் 10 ஆண்டே போதும். மாறியதும் அவர் இடம் காலியாகும், அதிபர் புதியவரை நியமிக்கலாம். ஆனால் மாறியவரின் பதவியும் போகாது, சம்பளமும் நிற்காது. நீதிபதி தாம் விரும்பி, தம்மால் இயன்ற அளவு பணி ஏற்கலாம் என்பதுதான் சட்டம் சொல்வது.

அந்த விருப்பத்தையே சொல்லாக்கலாம். ‘விருப்ப ஓய்வு’ ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த சொல். ‘விருப்பப்பணி’ அதன் பக்கத்தில் இயல்பாக உட்காருகிறது. வழக்கமான நிலைக்கு ‘முறைப்பணி’ என்று வைத்துக்கொள்ளலாம். சம்பளமில்லாத சேவை என்று தோன்றாதா என்று யாரேனும் கேட்கலாம். அதற்குத் ‘தன்னார்வம்’ என்ற சொல் நிலைத்துவிட்டது, குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

வாக்கியத்தில் வைத்தால்: “17 ஆண்டு முறைப்பணிக்குப் பின் 1979இல் பிரவுன் விருப்பப்பணிக்கு மாறினார்.” எனக்குத் தடையில்லாமல் ஓடுகிறது. சட்டத் துறையில் இருப்பவர்கள், குறிப்பாக ‘முறைப்பணி’க்கு வேறு பொருள் புழங்குகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.