அவசரம்: தராசு ஒவ்வொரு தடவையும் வேறு எடை காட்டுகிறது

பணகுடிக்காரன்:
ஆன்லைனில் வாங்கிய சின்ன டிஜிட்டல் தராசு. ஆச்சி வைத்திருந்த காசை வைத்தால் 8.28, எடுத்து வைத்தால் 8.36, அப்புறம் 8.31. தராசு தப்பா, காசு போலியா? நாளைக்குள் தெரிய வேண்டும்.

மேலரதவீதி:
என்ன காசு? தங்கமா, வெள்ளியா? எந்த வருஷம்?

அல்வாத்துண்டு:
பேட்டரிதான். இறங்கினால் எண் குதிக்கும். என் மச்சான் தராசும் இப்படித்தான், மாற்றியதும் சரியானது.

எடைக்கல்:
மறுபடியும் இதே கேள்வி. 0.01 என்று அட்டையில் போட்டிருப்பது திரை காட்டும் நுணுக்கம், துல்லியம் இல்லை. எத்தனை முறை எழுதுவது? எடை தெரிந்த திருத்தக் கல் வைத்து சரிசெய்தீர்களா இல்லையா?

பணகுடிக்காரன்:
தங்கம். ராஜா தலை, பின்னால் குதிரைமேல் ஆள், 1911. கல் கூட வரவில்லை.

மேலரதவீதி:
அப்போ சவரன் என்கிற பிரிட்டிஷ் தங்கக் காசு. 7.988 கிராம், விட்டம் 22.05 மி.மீ. தேய்ந்தால் எடை குறையும், ஏறாது. கூடுதலாகக் காட்டுவதுதான் இடிக்கிறது. காசில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா?

ஆத்தங்கரை:
பணகுடி என்கிறாய், ஜன்னல் திறந்திருக்கிறதா? காற்றாலையைச் சுற்றுகிற காற்றுக்கு இந்தத் தராசு எம்மாத்திரம்! ஜன்னலைச் சாத்து, ஃபேனை நிறுத்து, மெத்தையில் வைக்காமல் சமதரையில் வை. கல் இல்லையென்றால் 2011 முதல் 2018 வரை வருஷம் போட்ட பித்தளை நிற ஐந்து ரூபாய்க் காசு, தேயாததாகப் பத்து எடு. ஒன்று 6 கிராம், மொத்தம் 60-ஐ ஒட்டி வர வேண்டும். சரிபார்க்க மட்டும்தான், அதை வைத்துத் தராசைத் திருத்திவிடாதே.

அல்வாத்துண்டு:
முதலில் பேட்டரி.

பணகுடிக்காரன்:
மேலே ஒரு வளையம் பற்றவைத்திருக்கிறது. காசுமாலையில் இருந்தது. அதுவும் எடையில் வருமா?

மேலரதவீதி:
தம்பி!! இதை முதலிலேயே சொல்லக்கூடாதா?

எடைக்கல்:
வளையத்தை அறுத்துவிட்டு நிறுக்கவும்.

மேலரதவீதி:
அண்ணாச்சி, அறுக்கச் சொல்லாதீர்கள், காசில் வடு விழும். தம்பி, சின்ன பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கு. கண்ணாடித் தம்ளர் வேண்டாம், பல தராசுகள் 200 கிராமுக்கு மேல் தாங்காது. காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் முழுக்க முக்கித் தொங்கவிடு. குமிழி ஒட்டினால் தட்டிவிடு. திரையில் வருகிற எண்ணால் காசின் எடையை வகு, அடர்த்தி கிடைக்கும். 22 காரட் என்றால் பதினேழரைக்கு மேல் வரும், வளையத்தை ஒட்டிய பற்று கலந்தால் கொஞ்சம் இறங்கலாம். பித்தளை எட்டரையைச் சுற்றியே நிற்கும்.

மூன்றடைப்பு:
பவுன் 8 கிராம்தானே? எந்தக் கடைக்காரரும் 7.988 என்று சொல்லி நான் கேட்டதில்லை.

எடைக்கல்:
கடைப் பவுன் வேறு, காசு வேறு. காசில் சுத்தத் தங்கம் 7.32 கிராம்தான். இதுகூடத் தெரியாமல்...

மூன்றடைப்பு:
அப்போ கல்யாணத்துக்கு இத்தனை பவுன் என்று பேசிவிட்டுக் காசாகப் போட்டால் குறையுமே?

எடைக்கல்:
நூறு காசு போட்டால் 1.2 கிராம் குறையும். சம்பந்தி கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

மூன்றடைப்பு:
நூறு காசு போடுகிறவன் இங்கே வந்து ஏன் கேட்கிறான்?

பணகுடிக்காரன்:
ஃபேனை நிறுத்தினேன். 8.31-லேயே நிற்கிறது. தண்ணீரில் 0.47. நன்றி.

மேலரதவீதி:
17.7 வருகிறது. தங்கம்தான். தண்ணீரில் 0.01 முன்னே பின்னே போனாலும் 17.3-க்குக் கீழே இறங்காது. காசு அசலா, அச்சில் அடித்த நகலா என்பதை இது சொல்லாது. விட்டத்தையும் அளந்து பார்.

ஆத்தங்கரை:
தம்பி போய்விட்டான். சரி, என்னிடம் 1919, 1942 என்று இரண்டு வெள்ளி ரூபாய். இரண்டும் 11.66-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. இரண்டும் ஒரே வெள்ளியா?

மேலரதவீதி:
இல்லை. 1940-லிருந்து பாதி வெள்ளிதான், எடையை மட்டும் அப்படியே வைத்தார்கள். தண்ணீரில் முக்குங்கள்: பழையது 1.13-ஐ ஒட்டி வரும், 1942-க்கு 1.22 பக்கம்.

அல்வாத்துண்டு:
புது பேட்டரி போட்டுவிட்டு முக்குங்கள்.