திண்ணகம்: எஸ்.எஸ்.டி.க்கு ஒரு தமிழ்ச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

விளையாட்டுக் கணினிகளுக்கு அடுத்து வரப்போகும் அதிவேக எஸ்.எஸ்.டி.க்களைப் (சாலிட் ஸ்டேட் டிரைவ்: சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் சாதனம்) பற்றி இந்த இழையில் ஆர்வமாகப் பேசுகிறோம். ஆனால் ஒரே பொருளை ஒருவர் ஹார்டு டிஸ்க் என்கிறார், ஒருவர் வன்தட்டு என்கிறார், இன்னொருவர் திண்மநிலை இயக்கி என்கிறார். புதிய தலைமுறை கைக்கு வருவதற்குள் ஒரு சொல்லை உறுதிசெய்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

வன்தட்டு நல்ல சொல். தட்டு சுழலும் சாதனத்துக்கு அது அப்படியே இருக்கட்டும். வேகத்துக்காக விளையாட்டுக்காரர்கள் வன்தட்டையே தேடிப்போன காலமும் உண்டு. 2003இல் வந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ராப்டர் நிமிடத்துக்கு 10,000 முறை சுழன்றது. 7,200 சுற்று வன்தட்டில், தேவையான இடம் சுழன்று படிமுனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக 4.2 மில்லிநொடி ஆகும். ராப்டரில் அது 3 மில்லிநொடி. அந்த ஒரு மில்லிநொடிச் சொச்சத்துக்காக இரைச்சலையும் சூட்டையும் பொறுத்துக்கொண்டார்கள். நாம் இப்போது எதிர்பார்க்கும் பொருளில் சுழல்வதற்கு எதுவுமே இல்லை. அதற்குத் தட்டு, வட்டு என்று பெயர் வைத்தால், புதிதாகக் கற்பவருக்குத் தவறான படம்தான் மனதில் பதியும்.

திண்மநிலை இயக்கியில் வேறு சிக்கல். இயக்கி என்ற சொல் ஏற்கெனவே மென்பொருள் டிரைவருக்குப் போய்விட்டது. "விளையாட்டு திக்கினால் புதிய இயக்கியை நிறுவிப் பாருங்கள்" என்று ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். கிராபிக்ஸ் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்கிறாரா, காசு கொடுத்துப் புதிய டிரைவ் வாங்கச் சொல்கிறாரா? படிப்பவருக்குத் தெரியாது. கலைச்சொல் இந்தக் குழப்பத்தை உண்டாக்கவே கூடாது.

வேகத்தைக் காட்டும் விதமாக விரைவகம் என்று வைக்கலாம் என ஒரு யோசனை வந்தது. எனக்கு உடன்பாடில்லை. சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் எஸ்.எஸ்.டி. நொடிக்கு ஏறக்குறைய 550 மெகாபைட் படிக்கும். பிசிஐஇ என்ற வேகமான இணைப்பின் நான்காம் தலைமுறையில் அது 7,000. ஐந்தாம் தலைமுறையில் 14,000 வரை வந்துவிட்டது. ஆறாம் தலைமுறைக்கான தரநிலை 2022 ஜனவரியிலேயே வெளியானது, அது இதையும் இரட்டிப்பாக்கும். இவை எல்லாம் ஒரே வகைப் பொருள்தான். அதோடு, தரவு தங்கும் ஒரு சிற்றறையில் நான்கு பிட் அடைக்கும் கியூ.எல்.சி. வகையில், முன்பகுதியாக ஒதுக்கிய வேகமான இடம் நிரம்பிவிட்டால் எழுதும் வேகம் சட்டென்று விழுந்துவிடும். பெரிய விளையாட்டு ஒன்றை ஒரே மூச்சில் வேறொரு டிரைவிலிருந்து நகலெடுத்தவர்களுக்கு இது தெரியும். வேகம் மாறிக்கொண்டே இருக்கும். பெயர் அதைச் சார்ந்து நிற்க வேண்டாம்.

சில்லகம் என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. எம்.2 என்ற சிறு அட்டை வடிவ எஸ்.எஸ்.டி.யைக் கையில் எடுத்துப் பாருங்கள்: 22 மில்லிமீட்டர் அகலம், பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளம். மேலே ஒட்டிய தாளுக்கு அடியில் கட்டுப்படுத்தும் சில்லு ஒன்று, தரவு தங்கும் பிளாஷ் சில்லுகள் சில, விலை கூடிய வகையில் தற்காலிக நினைவகமான டிராம் சில்லு ஒன்று. சில்லுகள் வாழும் அகம், சரிதான். ஆனால் ஈழத்து வழக்கில் சில்லு என்றால் சக்கரம். சுழலாத பொருளுக்குச் சக்கரத்தை நினைவூட்டும் பெயர் வைத்தால், தமிழ் பேசும் ஒரு பெரும் பகுதியினருக்கு அது நேர் எதிரான பொருளைத் தரும். அவர்களை விட்டுவிட்டு ஒரு சொல்லை முடிவுசெய்ய எனக்கு மனமில்லை.

அதனால் என் முன்மொழிவு: திண்ணகம். திண் என்ற அடிச்சொல்லோடு அகம் சேர்கிறது; தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டும் என்ற விதிப்படி திண்ணகம் ஆகிறது. திண்மநிலை இயற்பியலோடு தொடர்பும் விட்டுப்போகவில்லை. நினைவகம், சேமிப்பகம் என்ற வரிசையில் இயல்பாகப் பொருந்தும். முக்கியமாக, மற்றச் சொற்களோடு இடறாமல் சேருகிறது: எம்.2 திண்ணகம், வெளித் திண்ணகம், திண்ணகச் சூடு. "வன்தட்டில் படங்களை வையுங்கள், விளையாட்டுகளைத் திண்ணகத்தில் நிறுவுங்கள்" என்று எழுதிப் பார்த்தேன். யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

அப்புறம் இன்னொரு சொல்லும் வேண்டும். விளம்பரத்தில் வரும் 14,000 என்ற எண், பெரிய கோப்பு ஒன்றை வரிசையாகப் படிக்கும்போது கிடைப்பது. அதற்குத் தொடர் வாசிப்பு போதும். விளையாட்டோ அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு துண்டுகளையும் ஏராளமாகக் கேட்கும். 4 கிலோபைட் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால், மிக வேகமான திண்ணகம்கூட நொடிக்கு நூறு மெகாபைட்டை ஒட்டியே தரும். புதிய தலைமுறையில் நான் ஆவலோடு பார்க்கப்போவது இந்த எண்ணைத்தான். 2022இல் விண்டோஸுக்கு வந்த டைரக்ட்ஸ்டோரேஜ் என்ற மென்பொருள் வசதி, இப்படிப்பட்ட சிறு கோரிக்கைகளைக் கட்டுக்கட்டாக அனுப்பி மையச் செயலியின் (சிபியு) சுமையைக் குறைப்பதற்காகவே உருவானது. விளையாட்டுகள் அதை நன்றாகப் பயன்படுத்தினால்தான் புதிய திண்ணகத்தின் முழுப் பலனும் கிடைக்கும்.

இந்த வகை வாசிப்புக்கு உதிரி வாசிப்பு என்கிறேன். தற்போக்கு (ரேண்டம்) வாசிப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் விளையாட்டு தற்போக்காகக் கேட்பதில்லை, தனக்கு வேண்டியதைத் தெரிந்துதான் கேட்கிறது. துண்டுகள் உதிரியாகக் கிடக்கின்றன, அவ்வளவுதான்.

இரண்டு சொற்களுக்கும் மறுப்பு இருந்தால், மாற்றுச் சொல்லோடு அதை வைத்து ஒரு முழு வாக்கியமும் எழுதி அனுப்புங்கள். தனிச்சொல்லாகப் பார்க்கும்போது தெரியாத குறை வாக்கியத்தில் தெரிந்துவிடும். ஈழத்து நண்பர்கள் திண்ணகம் உங்கள் காதுக்கு எப்படி ஒலிக்கிறது என்று கட்டாயம் சொல்ல வேண்டும்.