வெட்டப்பட்ட நான்கு நிமிடங்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் உசிலம்பட்டிக்குப் பக்கத்து ஊரொன்றின் டூரிங் டாக்கீஸில் என் தந்தை ஆபரேட்டராக இருந்தார். அங்கே திரையிட்ட ஒரு குடும்பப் படத்தில், மகளின் கல்யாணம் முடிந்ததும் தாய் இறந்துவிடுவாள். அழுதபடி வெளியேறிய பெண்கள் மறுநாள் வரவில்லை என்று கணக்குப் பார்த்த முதலாளி, கல்யாணத்தோடு படத்தை முடித்துவிடச் சொன்னார். வெட்ட வேண்டியது நான்கு நிமிடம், அதாவது ஏறத்தாழ 360 அடி பிலிம். அப்பா அதை வெட்டிச் சுருட்டி பிஸ்கட் டப்பாவில் வைத்தார். பிறகு பிளேடால் பிலிமின் ஓரத்தைச் சுரண்டி, பசை தடவி, 'வணக்கம்' போடும் துண்டை மணமேடைக் காட்சியோடு ஒட்டினார்.

அன்றிரவு மணலில் உட்கார்ந்து அதே படத்தை மறுபடி பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்தித் தாய் இருமலை மறைக்கும் இடமும், இருந்த நகையையெல்லாம் மகளுக்குப் போட்டு அவசர அவசரமாகக் கல்யாணத்தை நடத்தும் இடமும் அப்படியேதான் இருந்தன. ஆனால் என் பக்கத்தில் இருந்த பாட்டி, "பெத்த மகள வெரட்டுறதுக்கு இந்த ஆத்தாளுக்கு என்னடா இம்புட்டு அவசரம்?" என்று கேட்டார். சாகப் போகிறவளின் தவிப்பு, சாவைக் காட்டாததால் கல்நெஞ்சாகிவிட்டிருந்தது.

2013-இல் வந்த 'ராஞ்ஜனா' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி', 2025 ஆகஸ்ட் 1 அன்று செயற்கை நுண்ணறிவால் முடிவு மாற்றப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தபோது அந்தப் பாட்டியின் கேள்விதான் நினைவுக்கு வந்தது. ஆபத்து காத்திருப்பது தெரிந்தே மேடையேறிப் படுகாயமடையும் நாயகன், இனி எழுந்து மறுபடியும் காதலித்து அலைய வேண்டுமா என்று மனத்துக்குள் பேசியபடி இறப்பதுதான் மூலப் படத்தின் முடிவு. எழ மறுப்பது அவனுடைய கடைசி முடிவு. புதிய வடிவத்தில் அவன் கண் விழித்துவிடுகிறான். அப்படியானால் அதுவரை அவன் பேசியதெல்லாம் வெறும் மயக்கப் பிதற்றலா? இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நாயகனாக நடித்த தனுஷும் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தது முற்றிலும் நியாயம் என்றே நான் கருதுகிறேன்.

உசிலம்பட்டிப் பக்கத்து டாக்கீஸிலிருந்து அந்தப் படப்பெட்டியைத் திருப்பி அனுப்புவதற்கு முந்தைய இரவு, அப்பா டப்பாவிலிருந்த துண்டை எடுத்து மறுபடி அதன் இடத்தில் ஒட்டினார். ஒட்டில் இரண்டு பிரேம்கள் போய்விட்டன என்பதற்கே வெகுநேரம் வருந்திக்கொண்டிருந்தார்.